144 போத்தல், 48 கிணறு: யாழ்ப்பாணத்துக் குடிநீர் ஆய்வொன்றில் சுயாதீனச் சோதனை

பின்னணி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது, அதைத்தான் கிணறு வெட்டி எடுத்துக் குடிக்கிறோம். ஒவ்வொரு வளவிலும் ஒரு கிணறு, அதே வளவில் ஒரு மலசலகூடக் குழி. காணிகள் பிள்ளைகளுக்குப் பிரிக்கப்பட்டு இரண்டு பரப்பு, ஒன்றரைப் பரப்பு (பரப்பு என்பது எங்கள் காணி அளவை) என்று சுருங்கச் சுருங்க, குழியும் கிணறும் நெருங்கி வந்துவிட்டன. இரண்டுக்கும் இடையில் 50 அடியாவது இருக்கவேண்டும் என்று ஊரில் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள்.

குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் ஒரு சனசமூக நிலையம் இதைச் சோதித்துப் பார்க்க விரும்பியது. இறுதியாண்டு மாணவி ஒருவர் அதையே தன் ஆய்வுக் கட்டுரையாக எடுத்துக்கொண்டார். கேள்வி எளிமையானது: குழி கிட்ட இருப்பதற்கும் கிணற்றுநீர் மாசுபடுவதற்கும் தொடர்பு உண்டா, இல்லை இரண்டும் ஒன்றையொன்று சாராதவையா? புள்ளிவிபரவியல் கற்பிப்பவன் என்ற முறையில், அறிக்கை அச்சுக்குப் போகுமுன் கணக்கைப் பார்த்துத் தரும்படி என்னிடம் கேட்டார்கள். ஊரும் ஆட்களும் தெரியாமலிருக்க எண்களைச் சற்று மாற்றியிருக்கிறேன். கீழே உள்ள கணக்குகள் எல்லாம் இங்கே தந்திருக்கும் எண்களுக்கு உரியவை.

தரவு எப்படிச் சேர்ந்தது

மொத்தம் 48 கிணறுகள். அவற்றில் 24 இல் குழி 50 அடிக்குள் இருந்தது, 24 இல் அதற்கு அப்பால். ஒவ்வொரு கிணற்றிலும் மூன்று தடவை நீர் எடுக்கப்பட்டது: மாரிக்கு முன், மாரியில், மாரிக்குப் பின். சோதனைக்குப் பயன்பட்டது ஹைட்ரஜன் சல்பைட்டுப் போத்தல். 1982 இல் இந்திய ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்திய மலிவான முறை அது. மருந்தூட்டிய தாள் துண்டு உள்ளே இருக்கும். நீரை ஊற்றி மூடி, அறை வெப்பத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வைத்தால், மலத்தோடு வரும் நுண்ணுயிர் இருக்கும் நீர் கறுத்துவிடும். நிலத்தடி நீரில் இயற்கையாகவே சல்பைட்டு இருந்தாலும் தாள் கறுக்கலாம். ஆகவே இதை ஆய்வுகூட முடிவுக்குச் சமமாக எடுக்கக்கூடாது. ஆனால் ஓர் ஊரையே சல்லடை போட்டுப் பார்க்க இது போதும்.

மாணவி செய்த நல்ல காரியம் ஒன்றை இங்கே சொல்லியே ஆகவேண்டும். சில போத்தல்கள் கறுப்பும் இல்லாமல் தெளிவும் இல்லாமல் தேயிலைச் சாயம்போல் நின்றன. அவற்றை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று போத்தல்களைத் திறக்கும் முன்னரே எழுதிவைத்திருந்தார்: 48 மணித்தியாலத்தில் தாள் முழுதும் கறுத்தால் மட்டுமே "கறுப்பு". எந்தக் கிணற்றுப் போத்தல் என்று தெரியாத ஒருவர்தான் நிறத்தைப் பார்த்துச் சொன்னார். வகைசார் மாறியில் (கறுப்பு, தெளிவு போல வகையாகப் பிரிவதில்) வகையை யார், எப்போது தீர்மானித்தார் என்பது சூத்திரத்தைவிட முக்கியம். அந்த இடத்தில் இந்த ஆய்வு சுத்தமாக இருந்தது.

முதல் அட்டவணை

என்னிடம் வந்த குறுக்கு அட்டவணை இது:

| | கறுப்பு | தெளிவு | மொத்தம் |
|---|---|---|---|
| 50 அடிக்குள் | 45 | 27 | 72 |
| 50 அடிக்கு அப்பால் | 30 | 42 | 72 |
| மொத்தம் | 75 | 69 | 144 |

சூனியக் கருதுகோள்: தூரமும் நிறமும் ஒன்றையொன்று சாராதவை. அப்படியானால் ஒவ்வொரு பெட்டியிலும் எதிர்பார்க்கப்படும் மீடிறன் (எண்ணிக்கை), நிரை மொத்தத்தை நிரல் மொத்தத்தால் பெருக்கி முழு மொத்தத்தால் வகுத்தது. 72 × 75 ÷ 144 = 37.5. மற்றது 34.5. கண்டதற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசம் நான்கு பெட்டியிலும் 7.5. அதன் வர்க்கத்தை எதிர்பார்த்ததால் வகுத்துக் கூட்டினால் கைவர்க்கப் பெறுமானம் (கண்டது எதிர்பார்த்ததிலிருந்து மொத்தத்தில் எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) 6.26. சுயாதீனப் பாகை (மொத்தங்கள் தெரிந்தபின் விருப்பப்படி நிரப்பக்கூடிய பெட்டிகளின் எண்ணிக்கை) 1, 5% மட்டத்தில் தாண்டவேண்டிய எல்லை 3.84, பீ-பெறுமதி (தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதைவிட அதிகமோ வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.012. "தொடர்பு நிறுவப்பட்டது" என்று அறிக்கையில் தடித்த எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

இதற்கிடையில் ஆய்வுக் குழுவில் ஒருவர் வேறு ஐயம் கிளப்பினார். பெட்டி நாலு, மொத்தம் ஒன்று நிலையானது, ஆகவே சுயாதீனப் பாகை 3 அல்லவா, எல்லை 7.81 அல்லவா, 6.26 அதைத் தாண்டவில்லையே என்று. நல்ல ஐயம். 1900 இல் இந்தச் சோதனையைத் தந்த கார்ல் பியர்சன் குறுக்கு அட்டவணைக்கு இப்படித்தான் எண்ணினார். 1922 இல் ஃபிஷர்தான் அதைத் திருத்தினார். எதிர்பார்க்கப்படும் மீடிறனைக் கணிக்க நிரை, நிரல் மொத்தங்களைத் தரவிலிருந்தே எடுத்துவிட்டோம். அவை நிலைத்துவிட்டால் ஒரு பெட்டியை நிரப்பியதும் மற்ற மூன்றும் தானாக நிரம்பிவிடும். ஆகவே பாகை ஒன்றுதான். அந்தக் கணக்கில் மாணவி சரி.

என்ன தென்பட்டது

பிழை சூத்திரத்தில் இல்லை. 144 என்ற எண்ணில் இருந்தது.

மாணவியின் மூலத் தாளைக் கேட்டு வாங்கி, கிணறு கிணறாகப் பார்த்தேன். கிட்டக் குழி உள்ள 24 கிணற்றில் 11 இல் மூன்று போத்தலும் கறுப்பு, 6 இல் மூன்றும் தெளிவு. தள்ளிக் குழி உள்ளவற்றில் 7 இல் மூன்றும் கறுப்பு, 11 இல் மூன்றும் தெளிவு. அதாவது 48 கிணறுகளில் 35 இல் மூன்று தடவையும் ஒரே விடை. முதல் போத்தலின் நிறம் தெரிந்தால் அடுத்த இரண்டையும் பெரும்பாலும் சொல்லிவிடலாம். அப்படியானால் அந்த இரண்டு போத்தலும் புதிதாக என்ன செய்தி கொண்டுவருகின்றன? கொஞ்சம்தான்.

கைவர்க்கச் சோதனையில் சுயாதீனம் இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டு மாறிகளும் ஒன்றையொன்று சாராதவையா என்பது நாம் கேட்கும் கேள்வி. அட்டவணையில் எண்ணப்படும் ஒவ்வொரு அலகும் மற்றதைச் சாராமல் வந்ததா என்பது நாம் கொடுக்கவேண்டிய உறுதி. முதலாவதைத்தான் எல்லோரும் பாடமாக வைத்திருக்கிறார்கள். இரண்டாவது பாடநூலில் ஒரே வரியில் கடந்துபோய்விடுகிறது, பரீட்சையிலும் வராது. கணினியும் அதைக் கேட்பதில்லை. எக்ஸெலுக்கோ எஸ்பிஎஸ்எஸுக்கோ 45, 27, 30, 42 என்று கொடுத்தால் அவை எங்கிருந்து வந்தன என்று தெரியாமலே பீ-பெறுமதியைத் தந்துவிடும்.

இது ஏன் பெரிய விஷயம் என்று குழுவுக்குக் காட்ட ஒரு சிறு கணக்குப் போட்டோம். விகிதங்களைத் தொடாமல் அட்டவணையில் எல்லா எண்களையும் மூன்றால் பெருக்கினால் கைவர்க்கமும் சரியாக மூன்று மடங்காகும். ஒரு கிணற்றிலிருந்து ஒரே நாளில் மூன்று போத்தல் எடுத்தால் போதும், இல்லாத சான்று முளைத்துவிடும். முப்பது போத்தல் எடுத்தால் எதையும் "நிறுவி" விடலாம்.

முதல் தீர்மானம்: ஒரு கிணறு, ஒரு வரி

போத்தலை விட்டுக் கிணற்றை எண்ணுவது என்று முடிவெடுத்தோம். மூன்று விடையை ஒன்றாக்குவது எப்படி? மூன்றில் ஒன்று கறுத்தாலும் அந்தக் கிணறு "கறுப்பு" என்று வைத்தோம். குடிக்கும் நீர் ஆண்டில் ஒரு பருவத்தில் கெட்டாலும் அது கெட்ட கிணறுதான் என்பதே காரணம். "மூன்றில் இரண்டு" என்று வைத்தால் என்ன வரும் என்று பார்க்க மாணவிக்கு ஆசை இருந்தது. பார்க்கவேண்டாம் என்றேன். பல விதியைப் போட்டுப் பார்த்து நல்ல பீ-பெறுமதி வந்ததை வைத்துக்கொண்டால், அந்தப் பெறுமதிக்குப் பிறகு பொருளே இல்லை.

மூன்று அளவீட்டையும் வைத்துக்கொண்டே, கிணற்றைக் கொத்தாக எடுத்துப் பகுக்கும் முறைகள் உண்டு. ஆர் மென்பொருளில் அதைச் செய்யலாம், தகவலும் வீணாகாது. ஆனால் இந்த அறிக்கையைப் படிக்கப்போவது சனசமூக நிலையத்தாரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும். அவர்கள் கையால் சரிபார்க்கக்கூடிய கணக்கே வேண்டும் என்று நினைத்தோம்.

புதிய அட்டவணையில் கிட்டக் குழி உள்ள 24 இல் 18 கறுப்பு, தள்ளிக் குழி உள்ள 24 இல் 13 கறுப்பு. எதிர்பார்த்தது 15.5. கைவர்க்கம் 2.28, பீ-பெறுமதி 0.13. சிறிய எண்களுக்காக யேட்ஸ் 1934 இல் சொன்ன திருத்தத்தைப் போட்டால் 1.46 ஆக இன்னும் குறைகிறது. எல்லை 3.84 ஐத் தொடவேயில்லை.

மாணவி வாடிப்போனார். "அப்ப சேர், தொடர்பு இல்லை என்று எழுதட்டோ?" என்று கேட்டார். அப்படி எழுதவிடக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். 75 வீதமும் 54 வீதமும் ஒன்றல்ல. உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசம் இருந்தாலும், 48 கிணற்றை வைத்து அதைப் பிடிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். ஐந்தில் நாலு தடவையாவது பிடிக்கவேண்டுமென்றால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 80 கிணறு வேண்டும். சூனியக் கருதுகோளை நிராகரிக்க முடியவில்லை என்பது ஒரு செய்தி, குழி கிட்ட இருந்தால் பரவாயில்லை என்பது முற்றிலும் வேறு செய்தி. இரண்டாவது ஊருக்குள் போனால் நாளைக்கே யாராவது கிணற்றுக்குப் பக்கத்தில் குழி வெட்டுவார்கள். நிலத்தின் இயல்பையும் மறக்கக்கூடாது. சுண்ணாம்புக் கல்லில் நீர் வெடிப்புகளின் வழியே ஓடுகிறது. நேர்கோட்டில் அளந்த அடி, நீர் வந்த வழியை அப்படியே சொல்லாது.

கிணற்றடியில் கிடைத்த துப்பு

மூலத் தாளின் ஓரத்தில் மாணவி பென்சிலால் குறிப்புகள் எழுதியிருந்தார். ஒன்று ஒரு வயோதிப அம்மாவின் வாய்மொழி: "பிள்ளை, குழி எங்கயோ கிடக்கு. இந்தத் தளம் வெடிச்சுக் கிடக்கிறதைப் பார். குளிக்கிற தண்ணி முழுக்க இதுக்குள்ளாலதான் திரும்பப் போகுது." கிணற்றைச் சுற்றிய சீமெந்துத் தளம் எப்படி இருந்தது என்பதும் எல்லாக் கிணற்றுக்கும் ஓரக் குறிப்பாக இருந்தது. யாரும் அதை மாறியாக எடுக்கவில்லை.

எடுத்துப் பார்த்தோம். தளம் வெடித்த அல்லது தளமே இல்லாத 20 கிணற்றில் 18 கறுப்பு. நல்ல தளம் உள்ள 28 இல் 13 கறுப்பு. கைவர்க்கம் 9.68, பீ-பெறுமதி 0.002. ஒரு பெட்டியில் 2 மட்டுமே இருக்கிறது, 5 க்குக் குறைந்தால் சோதனை செல்லாதே என்று ஒருவர் தடுத்தார். 5 என்ற வழக்கமான அளவு எதிர்பார்க்கப்படும் மீடிறனுக்கு உரியது, கண்ட எண்ணுக்கு அல்ல. இங்கே மிகக் குறைந்த எதிர்பார்ப்பு 7.08. சோதனை செல்லும்.

ஆனால் அந்த விதி உண்மையிலேயே கடித்த இடமும் வந்தது. தூரத்தையும் தளத்தையும் சேர்த்துப் பிரித்தபோது, வெடித்த தளம் உள்ள 20 கிணற்றில் கிட்டக் குழி 12 இல் 11 கறுப்பு, தள்ளிக் குழி 8 இல் 7 கறுப்பு. தெளிவுக்கு எதிர்பார்த்தது 1.2 உம் 0.8 உம். அங்கே கைவர்க்கம் போடக்கூடாது, சிறிய எண்களிலும் வாய்ப்பை நேரடியாகக் கணிக்கும் ஃபிஷரின் துல்லியச் சோதனைதான். அதன்படி பீ-பெறுமதி 1: தளம் வெடித்துவிட்டால் தூரம் எதையும் மாற்றியதாகத் தெரியவில்லை. நல்ல தளம் உள்ள 28 இல் கிட்ட 12 இல் 7, தள்ளி 16 இல் 6. அங்கே தூரத்துக்கு இன்னும் ஏதோ சொல்ல இருக்கலாம். தளம் வெடித்தவற்றில் கிட்டக் குழி உள்ளவை அதிகம் என்பதையும் கவனித்தோம். சிறிய காணி, பழைய கிணறு, குறைந்த வருமானம் மூன்றும் சேர்ந்தே வருகின்றன.

இந்த 0.002 ஐ முடிவாக அறிவிக்க குழுவில் எல்லோரும் துடித்தார்கள். நான் மறுத்தேன். தளத்தைப் பற்றிய எண்ணம் இதே தரவைப் பார்த்த பிறகு பிறந்தது. ஒரு தரவு தந்த யோசனையை அதே தரவை வைத்துச் சோதிப்பது சோதனை ஆகாது. யோசனையைத் தாளில் எழுதிவைத்து, வேறு கிணறுகளுக்குப் போகவேண்டும்.

இரண்டாவது சுற்று

அடுத்த மாரி முடிந்ததும் போனார்கள். இம்முறை விதிகள் முன்கூட்டியே எழுதப்பட்டன. கிராம உத்தியோகத்தரின் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் 90 கிணறு; அதற்குமேல் போத்தல் வாங்கப் பணமில்லை. ஒரு கிணற்றுக்கு ஒரு போத்தல். தூரத்தை வீட்டுக்காரரிடம் கேட்காமல் அளவு நாடாவால் அளப்பது, ஏனென்றால் கேட்டால் எல்லோரும் "ஒரு அம்பது அடி இருக்கும்" என்கிறார்கள். தளத்தின் நிலையைப் போத்தல் கறுக்கும் முன் பதிவது. பங்குக் கிணறு எத்தனை வீட்டுக்குச் சொந்தமென்றாலும் ஒரே வரி. இந்தக் கடைசி விதி நம் ஊருக்கு மிகவும் வேண்டியது. வீட்டு வாரியாகக் கேள்விக்கொத்து நிரப்பினால் நாலு பங்காளியின் ஒரே கிணறு நாலு தடவை எண்ணப்பட்டுவிடும்.

| | கறுப்பு | தெளிவு | மொத்தம் |
|---|---|---|---|
| தளம் வெடித்தது / இல்லை | 26 | 10 | 36 |
| நல்ல தளம் | 25 | 29 | 54 |
| மொத்தம் | 51 | 39 | 90 |

எதிர்பார்த்தவை 20.4, 15.6, 30.6, 23.4. கைவர்க்கம் 5.91, பீ-பெறுமதி 0.015. தளத்துக்கும் மாசுக்கும் தொடர்பு உண்டு என்பது புதிய கிணறுகளிலும் நின்றது. ஆனால் முதல் சுற்றில் 90 வீதத்துக்கும் 46 வீதத்துக்கும் இருந்த இடைவெளி இப்போது 72 க்கும் 46 க்கும் ஆகச் சுருங்கியிருந்தது. தற்செயலாகக் கண்ணில் பட்ட தொடர்பு மறுபடி அளக்கும்போது இப்படிக் குறைவது வழக்கம். முதல் எண்ணையே அறிவித்திருந்தால் ஊருக்கு மிகைப்படுத்திச் சொல்லியிருப்போம்.

தூரம்: 50 அடிக்குள் 42 இல் 27 கறுப்பு, அப்பால் 48 இல் 24. கைவர்க்கம் 1.86, பீ-பெறுமதி 0.17. வித்தியாசம் 14 வீதப் புள்ளி. 95% நம்பிக்கை ஆயிடை (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வீச்சு) −6 இலிருந்து +35 வரை. இரண்டு சுற்றிலும் ஒரே திசை, இரண்டிலும் எல்லையைத் தாண்டவில்லை.

விளைவு

அறிக்கை மாற்றி எழுதப்பட்டது. "தொடர்பு நிறுவப்பட்டது" என்ற வரி போய், தளத்துக்கு 26 வீதப் புள்ளி வித்தியாசம், ஆயிடை 6 இலிருந்து 46 வரை என்று வந்தது. பீ-பெறுமதி அடைப்புக்குறிக்குள் போய்விட்டது. தூரத்தைப் பற்றி மாணவியே எழுதிய வரி எனக்கு மிகவும் பிடித்தது: "இந்த அளவு மாதிரியால் தூரத்தின் விளைவை உறுதிப்படுத்தவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை, 50 அடி விதியைத் தளர்த்த இவ்வாய்வு எந்த ஆதாரமும் தரவில்லை." தளம் வெடித்திருப்பதுதான் காரணம் என்றும் எழுதவில்லை. வருமானமும் காணியின் அளவும் பின்னால் நிற்கின்றன, குறுக்கு அட்டவணை அவற்றைப் பிரித்துக் காட்டாது.

பரிசோதகர் அறிக்கையை வாங்கிக்கொண்டு, கறுத்த கிணறுகளுக்குக் குளோரின் இடுவதையும் நீரைக் கொதிக்கவைப்பதையும் வீடு வீடாகச் சொன்னார். சனசமூக நிலையம் சீமெந்துக்குப் பணம் சேர்த்தது. குழியை நகர்த்த இரண்டு பரப்பில் இடமில்லை, தளத்தைப் பூசலாம் என்பதால் ஆட்கள் ஆர்வமாக வந்தார்கள்.

மறுபடி செய்தால்

தூரத்தை இரண்டு வகையாக வெட்டவே மாட்டோம். நாடாவால் அளந்தபோது கிணறுகளில் ஒரு நல்ல பங்கு 45 க்கும் 55 க்கும் இடையில் விழுந்தது. 49 அடியை ஒரு பெட்டியிலும் 51 அடியை இன்னொரு பெட்டியிலும் போட்டால் ஒரே மாதிரிக் கிணறுகள் எதிரெதிர் அணியில் நிற்கும், தொடர்பு மங்கிவிடும். அளந்த அடியை அப்படியே வைத்துப் பகுப்பதே முறை. எத்தனை கிணறு வேண்டும் என்ற கணக்கை முதல் போத்தல் வாங்கும் முன் போடவேண்டும். கறுத்தவற்றில் ஒரு பகுதியையாவது ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, இயற்கைச் சல்பைட்டால் கறுத்தவை எத்தனை என்று பார்க்கவேண்டும்.

இப்போது தளம் பூசிய கிணறுகளைத் திரும்பச் சோதிக்கத் தயாராகிறார்கள். அந்த அட்டவணையும் நாலு பெட்டிதான், ஆனால் இந்தச் சோதனை அதற்குச் செல்லாது. அங்கே ஒரே கிணறு பூசுமுன் ஒரு தடவை, பூசியபின் ஒரு தடவை வருகிறது. மக்னிமார் 1947 இல் தந்த சோதனையைத்தான் அதற்கு எடுத்திருக்கிறோம். கறுப்பிலிருந்து தெளிவுக்கு மாறியவை, தெளிவிலிருந்து கறுப்புக்கு மாறியவை என்ற இரண்டு பெட்டி மட்டும் அதில் கணக்குக்கு வரும். மாறாத கிணறுகள் எத்தனை இருந்தாலும் அவை பேசாது. பதிவுத் தாளில் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரே வரி, அந்த வரியில் இரண்டு நிரல் என்று மாணவி இம்முறை தானே கோடு போட்டு அனுப்பியிருக்கிறார்.